மழை அடுப்புக்கு ஒரு மூக்கு

3ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நான் நலம். அப்பாவைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன். பதறாதே, வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். நீ பார்த்துக்கொள்ளும் இரட்டைப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? சின்னவன் இன்னும் உன் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறானா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். கொஞ்சம் வெளியே போங்கள் என்றால் ஏன் என்பார். அதனால் எழுதுகிறேன். படித்ததும் பெட்டியின் அடியில் வைத்துவிடு.

இங்கே மழை தொடங்கிப் பத்து நாளாகிறது. வாசலில் இரண்டாவது படி வரை தண்ணீர் வந்து போனது. துணி எதுவும் காயவில்லை. அறைக்குள் குறுக்கே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். அப்பா தன் சட்டைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடக்கிறார். ஸ்வீட் கடையில் மழை அடுப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். நீ இங்கே இருந்தபோது இந்த ஏற்பாடு இல்லை, போன வருடம்தான் முதலாளி ஆரம்பித்தார். மழை நாளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இனிப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் மழை பெய்தால் மட்டும் கடை வாசலில் தார்ப்பாயின் கீழ் ஓர் அடுப்பு ஏறும். அப்பா அதில் பாதாம் பால் காய்ச்சுவார். பக்கத்துச் சின்ன அடுப்பில் கேரட் அல்வா, இல்லையென்றால் கேசரி. பால் அண்டாவிலிருந்து டம்ளருக்கு, மற்றது வாணலியிலிருந்து நேராகக் காகிதக் கிண்ணத்துக்கு. எதிரே பேருந்து நிறுத்தம். அங்கே நிற்பவர்கள் முதலில் ஆவியைப் பார்ப்பார்கள், பிறகு பேருந்து வருகிறதா என்று பார்ப்பார்கள், பிறகு தலையில் பையை வைத்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

மூன்றடி தள்ளி டீ அடுப்பு. டீ மாஸ்டர் இன்னும் அதே பாய்லர் மாமாதான். அவருக்கும் அப்பாவுக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரிந்ததே. காலையில் வரும் பால் கேனில் ஆடை மிதக்கும் மேல்பால் யாருக்கு என்பதில் ஆரம்பித்த சண்டை. இப்போது காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் இருக்கிறது. பாய்லர் மாமா தினமும் ஒரு முறையாவது மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்ன மாஸ்டர், தீயிற வாசனை வருதே, உங்க பாலா, உங்க வயிறா?" என்பார். அப்பா, "உன் டீ மிச்சம் இருந்தா குடுய்யா, ரோட்டுக் குழியில ஊத்தி மூடலாம்" என்பார். வாடிக்கையாளர்கள் இதைக் கேட்பதற்காகவே நின்று குடிக்கிறார்கள். 

இப்போது அப்பாவைப் பற்றி. அவருக்கு வாசனை தெரிவதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தாரே, அதற்குப் பிறகு. நான் கண்டுபிடித்தது போன மாதம், நீ வேலை செய்யும் வீட்டு டிரைவர் மூலம் கொடுத்தனுப்பிய சென்ட் பாட்டிலால். அப்பா மூடியைத் திருகித் திறந்து, மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, "உங்கம்மா பார்த்துத்தான் வாங்கியிருக்கா, நல்ல வாசனை" என்றார். மூடிக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக் அடைப்பு அப்படியே இருந்தது.

மறுநாள் கண்ணை மூடச் சொல்லி, கல்லூரி ஆய்வகத்தில் செய்வது போல ஒவ்வொன்றாக நீட்டினேன். கிராம்புக்கு ஏலக்காய் என்றார். காப்பித்தூளுக்கும் ஏலக்காய் என்றார். மூன்றாவதாக மண்ணெண்ணெய். அதற்கும் சிறிது யோசித்துவிட்டு, பச்சை ஏலக்காய் என்றார். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தார். "உங்கம்மாகிட்ட சொல்லாதே, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார். அதனால்தான் சொல்லாமல் இருந்தேன். டாக்டரிடம் போனோம். தானாகத் திரும்பி வரலாம், ஒரு வருடம்கூட ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். மூன்றையும் ஒரே குரலில் சொன்னார்.

இனிப்பு, உப்பு, புளிப்பு நாக்கில் தெரிகிறது. மற்றதெல்லாம் போய்விட்டது. மழை தொடங்கும் வரை சமாளித்துவிட்டார். உள் சமையலறையில் இன்னொரு சமையல்காரர் இருக்கிறார். அவர் முகம் மலர்வதைப் பார்த்து அப்பா ரவையை இறக்கிவிடுவார். மழை அடுப்பில் அவர் தனி ஆள். ரவை வறுபட்டதா, நெய் முறுகிவிட்டதா, பால் அடிப்பிடிக்கிறதா, எல்லாமே மூக்கு சொல்ல வேண்டியவை. முதலாளிக்குத் தெரிந்தால் வேறு மாஸ்டரைப் பார்ப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கண் தெரியாதவரை யாராவது தையல் கடையில் வைத்துக்கொள்வார்களா?

அதனால் மழை பெய்யும் நாளில் நானும் கடைக்குப் போகிறேன். மழை அடுப்புக்குப் பின்னால் சர்க்கரை மூட்டைகள் இருக்கும். அதன் மேல் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறேன். வேலை கிடைக்காத பட்டதாரி வேலை விளம்பரம் பார்க்கிறாள் என்று கடையில் நினைத்துக்கொள்கிறார்கள். "டிகிரி வந்தாச்சு, பேப்பரை எடுத்து வைங்க" என்று பாய்லர் மாமா அறிவிப்பார். எனக்கு முகம் சூடாகும், தாளுக்குப் பின்னால் போய்விடுவேன். தாளை ஒரு முறை புரட்டினால் இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று அர்த்தம். இரண்டு முறை புரட்டினால் இறக்கலாம். இது அப்பாவின் ஏற்பாடு. நான் கூச்சப்படாமல் செய்யக்கூடிய வேலையாக அவரே யோசித்திருக்கிறார். பத்து நாளில் ஒரு தவறும் இல்லை. ஒரு செய்தியையும் நான் முழுதாகப் படிக்கவும் இல்லை.

அடுத்து, எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நான் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தேனே, அந்தப் பால் பதனிடும் ஆலையின் ஆய்வகத்தில். அங்கே ஐந்து டம்ளர் பாலை வரிசையாக வைத்து, எதில் என்ன கோளாறு என்று முகர்ந்து சொல்லச் சொன்னார்கள். வாயைத் திறந்து பேச வேண்டிய கேள்விகளில் நான் தடுமாறினேன். இதில் தடுமாறவில்லை. 28ஆம் தேதி சேர வேண்டும், தங்க விடுதி உண்டு. இங்கிருந்து பேருந்தில் எட்டு மணி நேரம். வேலை உத்தரவை என் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நான் போனால் மழை அடுப்பில் அவருக்கு மூக்கு இல்லை. மழை இன்னும் இரண்டு மாதம் இருக்கும் என்கிறார்கள். போகாவிட்டால் இந்த வேலை இல்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. அப்பாவிடம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
மகள்


14ஆம் தேதி, வியாழக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. போ என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய். நான்கு இடத்திலும் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. அப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு நீ பதில் எழுதவில்லை. உனக்கும் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

மாடி வீட்டு அக்காவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. நம் வீட்டுக் குழாயில் மூன்று நாளாகக் கலங்கல் தண்ணீர். காய்ச்சி வடிகட்டித்தான் குடிக்கிறோம். நீ சொன்னபடி ஜன்னலுக்குத் தகரம் அடித்தாயிற்று. இப்போது மழை உள்ளே வரவில்லை, சத்தம் மட்டும் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுத வேண்டும். எழுதாமல் விட்டாலும் உனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை நனைந்ததில் எனக்குச் சளி பிடித்துவிட்டது. ஞாயிறு காலை மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. கிராம்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன், பல்பொடியை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. "என்ன பாப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று அப்பா கேட்டார். தூங்கி எழுந்த குரல் என்று சொன்னேன். சொல்லியிருந்தால் அன்று அவர் ஏதாவது காரணம் சொல்லி அடுப்பை ஏற்றாமல் இருந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை, அடைமழை, கடையில் கூட்டம் அலைமோதும் நாள். நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். படித்தவள் என்ற தைரியம்.

கேசரியில் தப்பித்தோம். ரவையின் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். பால் அப்படி இல்லை. மேலே வெள்ளையாக, சாதுவாகக் கொதித்துக்கொண்டிருக்கும். நடப்பதெல்லாம் அடியில். அப்பா குங்குமப்பூவும் சர்க்கரையும் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். பாய்லர் மாமா இந்தப் பக்கம் திரும்பி, "மாஸ்டர், தீயுது" என்றார். அப்பா வழக்கம்போல, "உன் வேலையைப் பாருய்யா" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "மாஸ்டர், உங்களைத்தான், தீயுது" என்றார். அவருடைய கேலிக்கு எப்போதும் ஒரு வால் இருக்கும், உங்க வயிறா, உங்க வாயா என்று. அன்று வால் இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். அப்பா என்னைப் பார்த்தார். நான் பாலைப் பார்த்தேன். நல்ல மஞ்சளாக இருந்தது. தாளை இரண்டு முறை புரட்டினேன்.

வாசனை தெரியாத இருவர் சேர்ந்து ஓர் அண்டா தீய்ந்த பாலை ஊருக்கு ஊற்றிக் கொடுத்தோம்.

முதல் டம்ளரை வாங்கியவர் மழைக்கோட்டு போட்ட ஒருவர். தினமும் வருபவர். ஒரு வாய் குடித்துவிட்டு நின்றார், டம்ளருக்குள் பார்த்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவர் மீதியையும் குடித்துவிட்டு, "இன்னிக்கு என்னமோ புதுசா இருக்கே, இன்னொண்ணு ஊத்துங்க" என்றார். பின்னால் நின்ற பள்ளிக்கூட டீச்சர், விறகடுப்புப் பால் மாதிரி இருக்கிறது என்றார். அரை மணியில் அண்டா காலி. சிலர் மட்டும் பாதி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். பாய்லர் மாமா அந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

மாலையில் முதலாளி வெளியே வந்தார். "மாஸ்டர், கலக்கிட்டீங்க. அந்தப் புகை வாசனையை எப்படிக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டார். அப்பா சிரித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றது. முதலாளி உள்ளே போனதும் அண்டாவைச் சாய்த்து அடியைச் சுரண்டினார். கறுப்பு அட்டை போலப் பெரிய துண்டாக உரிந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு முறை அரை அண்டா பால் லேசாக அடிப்பிடித்ததற்காகச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தாரே, உனக்கு நினைவிருக்கும். அன்று வீட்டில் அவரோடு யாரும் பேச முடியவில்லை.

திங்கட்கிழமை எனக்கு மூக்கு திறந்துவிட்டது. அப்பா நல்ல பாலாகக் காய்ச்சினார், நான் சரியாகப் புரட்டினேன். மழைக்கோட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நேத்து மாதிரி இல்லையே மாஸ்டர்" என்றார். டீச்சரும் அதையே சொன்னார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஒரு பலகையும் சுண்ணாம்புக் குச்சியும் கொடுத்து, "நீ படிச்ச பொண்ணு, அழகா எழுதுவே. இன்று முதல் புகைப் பாதாம் பால் அப்படின்னு எழுதும்மா" என்றார். என்னால் முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. எழுதினேன். கையெழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

அப்பா அந்தப் பலகையை மூன்று நாளாகப் பார்க்காமல் நடக்கிறார், புகைப் பால் கேட்பவர்களுக்கு நாளைக்கு என்கிறார். என்னிடம் சளியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். வறுத்த கடலை மட்டும் தின்கிறார். கடிக்கும்போது சத்தமாவது கேட்கிறதே என்கிறார்.

வேலை வேண்டாம் என்று ஆலைக்கு எழுதிவிடலாமா என்று யோசிக்கிறேன். உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன்.

மகள்


26ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நாளைக் காலைப் பேருந்தில் கிளம்புகிறேன். உன் இரண்டாவது கடிதமும் கிடைத்தது. அதில் போ என்று ஒரே இடத்தில்தான் எழுதியிருந்தாய், கோடு போட்டு. ஆனால் அது வருவதற்கு முன்பே விஷயம் முடிந்துவிட்டது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நம் தெருத் தபால்காரர் மழை நாளில் அப்பாவிடம்தான் பாதாம் பால் குடிப்பார். அவர் குடித்துக்கொண்டே, "பொண்ணுக்கு ஆர்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, ஊருக்கே ஸ்வீட் குடுக்கிற கடையில எனக்கு ஒரு ஜாமூன் கூடக் கிடையாதா மாஸ்டர்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா அவருக்கு இரண்டு ஜாமூன் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றிக் கயிற்றில் போட்டார். "எந்தத் தேதிக்கு வரச் சொல்லியிருக்காங்க?" என்றார். சொன்னேன். சரி என்றார். நான் சளியைப் பற்றிச் சொல்லி அழுதேன். "அது அன்னிக்கே தெரியும் பாப்பா, நீ மூணு தடவை மூக்கைத் துடைச்சே" என்றார்.

மறுநாள் நல்ல மழை. பலகை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டுக்காரர், டீச்சர், இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்பா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கல்லாவுக்குப் போய், முதலாளி முன்னால் நின்றார். நான் மூட்டை மேல் தாளோடு இருந்தேன். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "முதலாளி, அது புது ரகம் இல்லீங்க. தீஞ்ச பால். எனக்கு ரெண்டு மாசத்துக்கு மேல மூக்கு வேலை செய்யலை. என் பொண்ணு மூக்கை வெச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். அன்னிக்கு அவளுக்குச் சளி."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மழைக்கோட்டுக்காரர் மட்டும், "அப்போ இன்னிக்கு அந்தப் பால் கிடையாதா?" என்று கேட்டார். டீச்சர் அவரை முறைத்தார்.

முதலாளி அப்பாவிடம், "உக்காருங்க மாஸ்டர்" என்றார். அந்தக் கடையில் அப்பாவை யாரும் உட்காரச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா உட்காரவில்லை. இன்னொரு கடையில் ஒரு மாஸ்டர் சும்மா இருப்பதாகவும், மழை முடியும் வரை அவரை வரச் சொல்லலாமா என்று பார்ப்பதாகவும், அப்பா உள்ளே பாத்திரம், சாமான் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் முதலாளி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போது பாய்லர் மாமா டீ ஆற்றுவதை நிறுத்தினார். "முதலாளி, ஒரு சந்தேகம். மாஸ்டர் மூக்கு இல்லாம ரெண்டு மாசத்துல ஒரு அண்டாதான் தீய்ச்சிருக்காரு. மூக்கு இருக்கிற நான் வாரத்துக்கு ஒண்ணு தீய்க்கிறேன். யாரை மாத்தணும்?" என்றார். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும். பாய்லர் மாமா சிரிக்கவில்லை. "மோந்து பார்த்துச் சொல்ல ஆள் வேணும், அவ்வளவுதானே? நான் நிக்கிறது மூணடி தூரத்துல. அன்னிக்கும் ரெண்டு தடவை சொன்னேன். சொன்னேனா இல்லையா, இவரையே கேளுங்க" என்றார். அப்பா, சொன்னார் என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையேப்பா" என்றார் முதலாளி. "திட்டிக்கிறோமே, அது போதாதா?" என்றார் பாய்லர் மாமா.

மழை முடியும் வரை இப்படியே போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அப்புறம் என்ன பார்ப்பார் என்று தெரியவில்லை. டாக்டர் சொன்ன மூன்றில் எது நடக்கும் என்றும் தெரியவில்லை.

ஒரு வாரமாக நான் மூட்டை மேல் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் அப்பாவால் கேட்க முடியவில்லை. ரவையைக் கிளறிக்கொண்டே பாய்லர் மாமா பக்கம் திரும்புவார், பிறகு திரும்பிக்கொள்வார். பாய்லர் மாமாவும் விடவில்லை, கேட்டால்தான் சொல்வேன் என்பது போலப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா, "யோவ், எப்படிய்யா இருக்கு?" என்றார். "இன்னும் பச்சை வாசனை போகலை" என்றார் அவர். மூன்றாவது நாள் அப்பா வாங்க போங்க என்று பேச ஆரம்பித்தார். அது பாய்லர் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "என்ன மாஸ்டர், மரியாதை எல்லாம் குடுத்துப் பயமுறுத்துறீங்க" என்றார். இப்போது மறுபடி யோவ்.

தீயிற வாசனை வருகிறது என்ற கேலியை அவர் விட்டுவிட்டார். "இனிமே தீஞ்சா மட்டும்தான் தீயுதுன்னு சொல்லுவேன்" என்று அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அப்பாவின் தலைமுடி, என் டிகிரி, முதலாளியின் குடை, மற்ற எல்லாவற்றையும் வைத்துக் கேலியை நடத்துகிறார். அந்த ஒன்றை மட்டும் தொடுவதில்லை.

பலகை இன்னும் தொங்குகிறது. கேட்டு வருகிறவர்களை முதலாளிக்கு விட மனமில்லை. அப்பா முடியாது என்றதால் புகைப் பாலைப் பாய்லர் மாமா ஒரு சின்னச் சட்டியில் தனியாகப் போடுகிறார். வேண்டுமென்றே தீய்ப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று புலம்புகிறார். அவர் அதைப் போடும்போது அப்பா மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். திருப்ப வேண்டிய அவசியமே இல்லை.

அப்பா அன்று எனக்காகச் சொன்னாரா, பாலுக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்டால் பாலுக்காக என்றுதான் சொல்வார். அதனால் கேட்கவில்லை.

வீட்டு விஷயம். சமையலறையில் கேஸ் கசிந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். சோதித்துக் காட்டினேன், தெருவே திரும்பிப் பார்த்தது. "உங்கம்மா ஊர்ல இல்லாத குறையைத் தீர்க்க இது வந்திருக்கா?" என்று அப்பா கேட்டார். தினமும் காலையில் ஒரு முறை மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். பால் கெட்டிருக்கிறதா என்று தெரிய, கொதிக்கவைத்துத் திரிகிறதா என்று பார்க்க அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பழைய சாப்பாட்டை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இதெல்லாம் போதுமா என்று தெரியவில்லை. நீ வேறு ஏதாவது நினைத்தால் எழுது.

என் பெட்டி கட்டியாகிவிட்டது. இன்று மாலை கடைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். முதலாளி ஒரு டப்பா ஜாமூன் கொடுத்தார். பாய்லர் மாமா இஞ்சி டீ கொடுத்து, "டிகிரி, அங்கே போய் யாராவது கேட்டா வாயைத் திறந்து பதில் சொல்லு. அங்கே பேப்பரைப் புரட்டினா யாருக்கும் புரியாது" என்றார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி மாமா என்று சொன்னேன், வாய்விட்டு. அவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதுவரை நீ எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதினாய், நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சில வரிகளை விட்டுவிட்டும் படித்திருக்கிறேன். இனிமேல் அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. சின்னதாக இருந்தால் போதும். பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுது. அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். முடியாத இடங்களைப் பாய்லர் மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன். அதனால் பாய்லர் மாமாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இருக்கட்டும். அவரே அதைச் சத்தமாகப் படிக்க வேண்டிவரும்.

மூக்கைப் பற்றி நீயாக எதுவும் எழுதாதே. உனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. எப்போது சொல்ல வேண்டுமோ அவரே சொல்லட்டும். சொல்லும்போது முதல் தடவை கேட்பது போலக் கேள்.

இரண்டு ஊரிலிருந்தும் தள்ளி மூன்றாவது ஊருக்குப் போகிறேன். அங்கிருந்து புது முகவரி எழுதுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படி ஏறாதே.

அப்பாவுக்கு எழுதும்போது சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்காதே அம்மா. சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள்.

அன்புடன்
உன் மகள்